பள்ளிக்கூடத்துத் திண்ணை: குழம்பு மணக்கும் தீவு

உபாத்தியாயர்கள் அடையும் தோல்வி பத்திரிகைகளில் வெளியாவதில்லை. ஆனால் நாற்பது பிள்ளைகளின் முகத்தில் அது கொட்டை எழுத்தில் அச்சாகிவிடும். அப்படிப்பட்ட தோல்வி ஒன்று சென்ற மாதம் எனக்கு நேர்ந்தது. நேயர்களிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிறகு நடந்தவற்றுக்கு அதுதான் வாசற்படி.

எட்டாம் வகுப்பில் பூகோள பாடம். சுவரில் உலகப் படத்தை மாட்டி, அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேற்கு ஓரத்தில் மணி கோத்தாற்போல் கிடக்கும் கரிபியன் தீவுகளைப் பிரம்பினால் தொட்டுக் காட்டினேன். அவற்றுள் குவாதலூப் என்ற தீவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "பரப்பு ஏறக்குறைய 1,630 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆட்சி பிரான்ஸ் தேசத்தினுடையது. முக்கிய விளைபொருள்கள் கரும்பும் வாழையும்" என்று ஒப்பித்தேன். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். அப்போது கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து, மிகவும் மரியாதையாக, "ஸார், இந்தத் தீவு நமக்கு எதுக்கு ஸார்?" என்று கேட்டான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. "பரீட்சைக்கு!" என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன். மணி அடித்துவிட்டது, தப்பித்தேன்.

ஆனால் மாலையில் வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தக் கேள்வி கூடவே நடந்து வந்தது. சாலையில் ஒரு டிராக்டர், இரட்டை வண்டி நிறையக் கரும்பை ஏற்றிக்கொண்டு, முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையை நோக்கி ஊர்ந்து கொண்டிருந்தது. பின்னாலே இரண்டு சிறுவர்கள் ஓடி, ஆளுக்கு ஒரு கழி உருவிக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவன் என்னைக் கேள்வி கேட்ட அதே பையன்! என்னைக் கண்டதும் கரும்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். நான் சிரித்துவிட்டேன். அவன் கேள்விக்கு விடை அவன் கையிலேயே இருந்தது.

மறுநாள் படத்தை மாட்டவில்லை. கையில் ஒரு கரும்புத் துண்டுடன் வகுப்பில் நுழைந்தேன். "நேற்று ஒருவன் கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்லப் போகிறேன்" என்றேன்.

நம் தாலுகாவில் வீடூர் அணையைக் கண்டிராத பிள்ளை அநேகமாக இல்லை. அந்த அணையைத் தாண்டும் ஆறு, சங்கராபரணி என்ற பெயரோடு வில்லியனூர் வழியே ஓடிப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் விழுகிறது. அந்த நீரைப் போலவே நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் மனிதர்களும் புதுச்சேரிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கப்பல் ஏறியவர்கள் எல்லோரும் புதுச்சேரிக்காரர்கள் அல்லர். பிரெஞ்சுக்காரர்களின் நிலம் சிறியது. அதில் அத்தனை ஆட்கள் ஏது? சுற்றிலும் இருந்த ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளிலிருந்து மேஸ்திரிமார்கள் ஆள் சேர்த்துக் கொண்டு வந்தார்கள். பஞ்சமும் கடனும் அவர்களுக்குத் துணை செய்தன. காரைக்காலிலிருந்தும், பிற்பாடு கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன.

"எதற்காக ஸார் அவ்வளவு தூரம்?" என்று ஒரு குரல்.

"இதற்காகத்தான்" என்று கரும்பைத் தூக்கிக் காட்டினேன்.

சர்க்கரை என்ற சொல் நம் நாட்டிலிருந்துதான் மேற்கே போயிற்று. 'சர்க்கரா' என்ற வடசொல்லே அரபு தேசங்களின் வழியாகச் சென்று பிரெஞ்சுக்காரர்களின் வாயில் 'சுக்ர்' ஆயிற்று. கரும்பை 1493ல் கொலம்பஸ் தமது இரண்டாவது பிரயாணத்தில் கரிபியன் தீவுகளுக்குக் கொண்டு போனார். அதே பிரயாணத்தில்தான் குவாதலூப்பும் அவர் கண்ணில் பட்டது. அங்கே முன்பே வாழ்ந்த கரீப் ஜனங்கள் தங்கள் தீவை 'கருக்கேரா' என்று அழைத்தார்கள். அழகிய நீர்களின் தீவு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 1635ல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலியில் கட்டிக் கொண்டு வந்தார்கள். 1794ல் பிரெஞ்சுப் புரட்சி அவர்களுக்கு விடுதலை தந்தது. 1802ல் நெப்போலியன் அதைப் பறித்தார். அப்போது லூயி தெல்கிரேஸ் என்ற வீரர், மீண்டும் அடிமையாவதைவிடச் சாவதே மேல் என்று தம் தோழர்களுடன் போரிட்டு மாண்டார். 1848ல்தான் அடிமைத்தனம் அடியோடு ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களில் பலர் பழைய எஜமானர்கள் கொடுத்த கூலிக்கு வேலை செய்ய மறுத்தார்கள். மறுக்கமாட்டார்களா? அந்த இடத்தை நிரப்பத்தான் நம்மவர்களைத் தேடினார்கள்.

'ஓரேலி' என்ற கப்பல் 1853ல் முதன் முதலாக மார்த்தினீக் தீவுக்கு நம்மவர்களைக் கொண்டு சேர்த்தது. அடுத்த ஆண்டு, 1854 டிசம்பர் இறுதியில், அதே கப்பல் சுமார் 340 பேருடன் குவாதலூப் துறைமுகமாகிய புவாந்தப்பீத்தரை அடைந்தது. சூயஸ் கால்வாய் திறந்தது 1869ல் தான். ஆகையால் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, ஏறக்குறைய மூன்று மாதம் கடலில் மிதக்க வேண்டியிருந்தது. இப்போது உலகப் படத்தை மாட்டினேன். கேள்வி கேட்ட பையனையே கூப்பிட்டு, ஒரு நூலைப் புதுச்சேரியில் பிடித்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, குவாதலூப் வரையில் இழுக்கச் சொன்னேன். நூல் போதவில்லை, இன்னொரு நூலை முடிந்தான். வகுப்பில் ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

அதற்குப் பிறகு பூகோளம் தானாகவே வந்தது. தீவு பட்டாம்பூச்சி வடிவம். இரண்டு இறக்கைகள், நடுவே உப்பு நீர் ஓடும் ஒரு குறுகிய கால்வாய். அதன் பெயருக்கே 'உப்பாறு' என்றுதான் அர்த்தம். கடலூரில் உப்பனாறு இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதும், "அங்கேயுமா?" என்று வியந்தார்கள். கிழக்கு இறக்கையின் பெயர் 'பெரிய நிலம்'. மேற்கு இறக்கையின் பெயர் 'தாழ்ந்த நிலம்'. வேடிக்கை என்னவென்றால் பெரிய நிலம் சிறியது, தாழ்ந்த நிலம் உயர்ந்தது! காற்றுக்கு மறைவாக உள்ள திசையை மாலுமிகள் 'தாழ்ந்தது' என்று சொல்வது வழக்கம். அதனால் வந்த பெயர். கிழக்கு இறக்கை சுண்ணாம்புப் பாறையாலான சமவெளி; கரும்புக்கு ஏற்றது. மேற்கு இறக்கை எரிமலை கக்கிய மண்; மழையும் அருவியும் காடும் அங்கேதான், வாழைத் தோட்டங்களும் அங்கேதான். அதன் உச்சியில் 'சூஃப்ரியேர்' என்னும் கந்தக மலை 1,467 மீட்டர் உயரம் நிற்கிறது. எங்கள் பிள்ளைகள் செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்கு உல்லாசப் பிரயாணம் போய்க் கால் கடுக்க ஏறியவர்கள். அதைப்போல ஆறு மடங்கு என்றதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. அந்த மலை 1976ல் புகைந்தபோது எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களை அப்புறப்படுத்தினார்கள்.

புயலைப் பற்றி நான் விளக்க வேண்டியே இருக்கவில்லை. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் நம் ஜில்லாவை என்ன பாடு படுத்தியது என்பது பிள்ளைகளுக்குப் பாடபுத்தகத்தைவிட நன்றாகத் தெரியும். குவாதலூப்புக்கும் 1989ல் ஹியூகோ என்ற புயல் அப்படி வந்தது. இரண்டு இடமும் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பதால் இரண்டு புயலும் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில்தான் சுழலும். கடிகாரம் என்றதும் நேரக் கணக்கு வந்தது. "நமக்கு இப்போது காலை பத்தரை மணி, அங்கே இரவு ஒரு மணி" என்றேன். "அப்ப அந்தப் பசங்க தூங்கறாங்க!" என்றாள் ஒரு குழந்தை. அந்தத் தீவில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை எங்கள் வகுப்பு உணர்ந்தது அந்த நிமிஷத்தில்தான்.

பிராணிகளைப் பற்றிச் சொல்லும்போது கீரியின் கதையைச் சொன்னேன். கரும்புத் தோட்டங்களில் எலித் தொல்லை பொறுக்க முடியவில்லை. 1872ல் ஜமெய்க்கா தீவின் தோட்டக்காரர் ஒருவர் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை வரவழைத்தார். அவை பெருகின, குவாதலூப் உள்பட மற்றத் தீவுகளுக்கும் பரவின. ஆனால் எலி பெரும்பாலும் இரவில் நடமாடுவது. கீரியோ பகலில் வேட்டையாடுவது. இரண்டும் சந்தித்தால் அல்லவா சண்டை? கீரிகள் பறவை முட்டைகளையும் ஆமை முட்டைகளையும் தின்று தீர்த்தன. ஒரு பிராணியை அதன் சொந்த மண்ணிலிருந்து பெயர்த்து வேறிடத்தில் விட்டால் அது நமது சௌகரியப்படி நடக்காது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடம் சொல்லும்?

அங்கே 'ராக்கூன்' என்ற முகமூடி போட்டாற்போன்ற பிராணி ஒன்று உண்டு. அந்தத் தீவின் தேசியப் பூங்காவுக்கு அதுவே சின்னம். உலகில் வேறெங்கும் இல்லாத இனம் என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்ததில், அதுவும் வட அமெரிக்காவிலிருந்து மனிதன் கொண்டு வந்து விட்டதுதான் என்று தெரிந்தது! உண்மையிலேயே அந்த மண்ணுக்கு மட்டும் உரியது ஒரு மரங்கொத்தி. கருநிறம், வயிற்றில் செம்மை. அதைப் படம் எழுதுவதில் எங்கள் வகுப்பில் பெரிய போட்டியே நடந்தது.

அவர்கள் தீவுக்கு நாம் கொடுத்ததையே சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமாகாது. நம் மிளகாய் அந்தப் பக்கத்து அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கொய்யாவும், பப்பாளியும், முந்திரியும் அப்படியே. வேர்க்கடலையும் தென் அமெரிக்கப் பயிர்தான். இதைக் கேட்டதும் வகுப்பில் பெரிய ஆட்சேபம் எழுந்தது. வேர்க்கடலை திண்டிவனத்துச் சொத்து என்பது எங்கள் பிள்ளைகளின் உறுதியான நம்பிக்கை. அதற்குக் காரணமும் இருக்கிறது. டி.எம்.வி. என்ற பெயரில் நாடெங்கும் பரவிய கடலை விதைகள் திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்தில் உண்டானவை. அந்த எழுத்துக்களே திண்டிவனத்தைக் குறிப்பவை. வந்த பயிரை நம் மண் சுவீகாரம் எடுத்துக்கொண்டது என்று சமாதானம் சொன்னேன்.

பிறகு தீவின் நடை உடை பாவனைகளுக்கு வந்தோம். அங்கே சந்தையில் மஞ்சள் நிறத்தில் ஒரு மசாலைப் பொடி விற்கும். கொத்துமல்லி, சீரகம், கடுகு, மஞ்சள் எல்லாம் சேர்ந்தது. அதன் பெயர் 'கொலம்போ'. அதைப் போட்டுச் செய்யும் கறிக்கும் அதே பெயர். நமது 'குழம்பு' தான் அப்படித் திரிந்தது என்பார் உண்டு. கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உண்டு. எப்படியானாலும் மணம் ஒன்றே. ஸ்திரீகள் விசேஷ நாட்களில் தலையில் கட்டிக்கொள்ளும் கட்டம் போட்ட துணிக்கு 'மதராஸ்' என்று பெயர். காப்பஸ்தேர் என்ற ஊரில் கோபுரத்தோடு கூடிய கோயில் இருக்கிறது. மாரியம்மனை 'மலியேமேன்' என்றும், மதுரை வீரனை 'மல்தேவிலேன்' என்றும் அழைத்து வழிபடுகிறார்கள். வீட்டில் பேசுவது பிரெஞ்சும் கிரியோலும்; வழிபாட்டுப் பாடல்களில் மட்டும் தமிழ்ச் சொற்கள் தங்கி நிற்கின்றன.

இந்த இடத்தில் எனக்கு உற்சாகம் மிஞ்சிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். "பார்த்தீர்களா! தமிழன் போகாத நாடில்லை; நாட்டாத கொடியில்லை!" என்று மேஜையைத் தட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஒரே ஒரு சிறுமி மாத்திரம் தட்டவில்லை. முதல் வரிசையில் உட்காருபவள், அதிகம் பேசமாட்டாள். அவள் தகப்பனார் வளைகுடா நாடு ஒன்றில் கட்டட வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. இது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சமயம் நினைவில் இல்லை. அவள் எழுந்து நின்று, "ஸார், அவங்களுக்குத் திரும்பி வர டிக்கெட் குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

மேஜையைத் தட்டிய என் கை அப்படியே நின்றது.

கொடி நாட்டியதைப் பற்றிப் பேசினேனே தவிர, நாட்டியவன் வீடு திரும்பினானா என்று நான் யோசிக்கவில்லை. அவள் யோசித்தாள். அவளுக்குப் பொய் சொல்லக் கூடாது. தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னேன்.

ஒப்பந்தம் ஐந்து வருஷம். அது முடிந்ததும் இலவசமாகத் திரும்பி வரலாம் என்பது எழுத்தில் இருந்தது. ஆனால் நோயில் விழுந்த நாட்களும் வேலை செய்யாத நாட்களும் கணக்கில் சேரா. ஐந்து வருஷம் நீண்டுகொண்டே போகும். கடன் ஏறும். மறுபடியும் கைநாட்டு வைக்கச் சொல்வார்கள். கப்பலோ நினைத்தபோது வராது. 1854 முதல் 1889 வரை குவாதலூப்புக்குப் போனவர்கள் சுமார் 42,000 பேர். ஊர் திரும்பியவர்கள் அதில் சிறு பகுதியினர்தான். வழியிலேயே மாண்டவர்கள் உண்டு. தோட்டத்தில் மாண்டவர்கள் அதைவிட அதிகம். கொடுமைகள் வெளிப்பட்டபடியால் 1888ல் ஆங்கில அரசாங்கமே அந்தக் குடியேற்றத்தை நிறுத்தும்படி ஆயிற்று. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துயரத்தை நினைத்து உருகிப் பாடினார். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் வழக்கம் தேசத் தலைவர்களின் கிளர்ச்சியால் 1917ல் நின்றது.

இன்னொன்றையும் சொன்னேன். அங்கே நம்மவர்களுக்கு முன்னால் வந்த ஆப்பிரிக்கர்களுக்கு ஒப்பந்தமும் கிடையாது, ஐந்து வருஷமும் கிடையாது, திரும்பும் பேச்சே கிடையாது. அவர்கள் விடுதலை பெற்று நியாயமான கூலி கேட்டபோது, கூலியைத் தாழ்த்தவே நம்மவர்களைக் கொண்டு நிறுத்தினார்கள். பட்டினிக்காரனை வைத்துப் பட்டினிக்காரனை அடிக்கும் வித்தை அது. இதைச் சொல்லாமல் நம் பெருமையை மட்டும் சொன்னால் அது சரித்திரமாகாது, பாதிக் கதையாகும்.

வகுப்பு மௌனமாயிருந்தது. குழந்தைகளை வாட்டத்தோடு வீட்டுக்கு அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. ஆகையால் ஹென்றி சிதம்பரத்தின் கதையைச் சொன்னேன். அவர் 1863ல் அதே காப்பஸ்தேரில் பிறந்தவர். தீவிலேயே பிறந்து வளர்ந்த இந்திய வம்சத்துப் பிள்ளைகளுக்குக் கூட ஓட்டுரிமை இல்லை, பிரஜா உரிமை இல்லை என்ற நிலை அப்போது இருந்தது. 1904ல் அவர் அந்த உரிமைக்காக வழக்குத் தொடுத்தார். கத்தி எடுக்கவில்லை, காகிதமும் சட்டமும்தான் ஆயுதம். பத்தொன்பது வருஷம் விடாமல் போராடினார். 1923ல் பிரெஞ்சு அரசாங்கம் அவர்களைப் பிரஜைகளாக ஒப்புக்கொண்டது. 1952ல் அவர் காலமானார். திரும்ப முடியாதவர்களின் பிள்ளைகள், நின்ற இடத்தையே சொந்த ஊராக்கிக் கொண்டார்கள். பிற்காலத்தில் எர்னஸ்ட் முத்துசாமி என்பவர் அந்தத் தீவின் பிரதிநிதியாகப் பிரான்ஸ் பார்லிமெண்டிலேயே அமர்ந்தார், நூல்களும் எழுதினார்.

கடைசியாக ஒரு பயிற்சி. அங்கே தகப்பனாரின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் உருமாறியும் போயிற்று. 'சிதம்பரோம்', 'முத்துஸ்ஸமி', 'ரமஸ்ஸமி', 'விரஸ்ஸமி' என்று கரும்பலகையில் எழுதி, "இவற்றைச் சரியாகப் படியுங்கள்" என்றேன். பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கூவினார்கள்: சிதம்பரம்! முத்துசாமி! ராமசாமி! வீராசாமி! வீராசாமி என்றதும் கடைசி பெஞ்சிப் பையன் துள்ளி எழுந்து, "ஸார், எங்க தாத்தா பேரு!" என்றான். அந்தத் தீவு நமக்கு எதற்கு என்று அவன் பிறகு கேட்கவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் ஒரு தேசப்படமும் ஒரு முழம் நூலும் இருந்தால் போதும். இன்று அடுப்பில் கொதிக்கும் குழம்பில் எந்தச் சாமான் எந்தக் கடலைக் கடந்து வந்தது என்று குழந்தைகளோடு உட்கார்ந்து தேடிப் பாருங்கள். மிளகாயிலிருந்து ஆரம்பியுங்கள். ஆனால் பொருள் வந்த கதையோடு நிறுத்திவிடாதீர்கள். அதைச் சுமந்தவர்கள் எப்படிப் போனார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். குழந்தைகள் உண்மையைத் தாங்கமாட்டார்கள் என்று நாம்தான் பயப்படுகிறோம்.

அந்த வார இறுதியில் வரைபடங்களைத் திருத்தினேன். எல்லோரும் புதுச்சேரியிலிருந்து குவாதலூப்புக்கு ஒரு கோடு இழுத்து, தீவின் பக்கம் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அந்தச் சிறுமியின் படத்தில் மட்டும் இரண்டு கோடுகள் இருந்தன. இரண்டாவது கோடு விழுப்புரத்திலிருந்து வளைகுடாவுக்கு. முதல் கோட்டுக்கு ஒரு முனையில்தான் அம்புக்குறி. இரண்டாவதற்கு இரு முனையிலும் போட்டிருந்தாள். நம் ஊர்ப்பக்கத்து அம்பைச் சற்று அழுத்தியே வரைந்திருந்தாள்.

நான் கேட்டது ஒரு கோடுதான். ஆனாலும் பத்துக்குப் பத்து மார்க்குப் போட்டுக் கொடுத்தேன்.